அரை ஜிகாஹெர்ட்ஸில் என்ன இருக்கிறது? பழைய பென்டியத்தையும் புதிய என்100-ஐயும் ஒப்பிடுவது எப்படி

மார்த்தாண்டத்தில் ஜெராக்ஸ் கடை, திங்கள்சந்தையில் ஜி.எஸ்.டி. கணக்குப் போடும் ஆபீஸ், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடை, கடலோரத்துப் பங்குக் கோயில் அலுவலகம் என்று நம் குமரி மாவட்டத்தில் எங்கே போனாலும் பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய டெஸ்க்டாப் ஒன்று இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் வாங்கிய காலத்தில் இருந்ததிலேயே விலை குறைந்த பிராசசர்தான் அதற்குள் இருக்கும். இப்போது அது திணறுகிறது. கடைக்காரர் காட்டும் புதியதோ கைக்குள் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டி, இல்லையென்றால் ஒரு லேப்டாப். இரண்டையும் எதை வைத்து ஒப்பிடுவது?

தக்கலையில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் ஒரு அக்கா என்னிடம் கேட்டது இதுதான்: “தம்பி, இதுல 2.9-னு போட்டிருக்கு, அதுல 3.4. இந்த அரைக்கா இவ்வளவு ரூபா?” மிக நியாயமான கேள்வி. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது அந்த ஒரு ஜிகாஹெர்ட்ஸ் எண்ணைத்தான். அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டு தலைமுறை பிராசசர்களை ஒப்பிடவே முடியாது என்பதும், அதற்குப் பதிலாக எதையெல்லாம் பார்க்கலாம் என்பதும்தான் இந்தக் கட்டுரை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க இரண்டு பிராசசர்களை எடுத்துக்கொள்வோம். பழையது இன்டெல் பென்டியம் ஜி2020. 2013 தொடக்கத்தில் வந்தது. இரண்டு கோர் (தனித்தனியே வேலை செய்யும் பகுதி), 2.9 ஜிகாஹெர்ட்ஸ், 3 எம்.பி. கேஷ் (உள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்), 55 வாட். புதியது இன்டெல் என்100. 2023 தொடக்கத்தில் வந்தது. நாலு கோர், அதிகபட்சம் 3.4 ஜிகாஹெர்ட்ஸ், 6 எம்.பி. கேஷ், 6 வாட். இன்டெல் இதை மொபைல் பிராசசர் வரிசையில் வைக்கிறது. மொபைல் என்றவுடன் கைப்பேசி என்று நினைக்க வேண்டாம். லேப்டாப்புக்கும் மின்சாரம் குறைவாக எடுக்கும் சின்ன கம்ப்யூட்டர்களுக்கும் செய்யப்பட்டது. இரண்டுமே அந்தந்தக் காலத்தில் அடிமட்ட விலைக்கு வந்தவை, அதனால் ஒப்பிடுவதில் அநியாயம் இல்லை.

ஜிகாஹெர்ட்ஸ் சொல்வது எதை?

பிராசசருக்குள் ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது தன் வேலையில் ஒரு படி நகர்கிறது. 2.9 ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 290 கோடி துடிப்பு. 3.4 என்றால் 340 கோடி. ஒரு துடிப்புக்குள் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைப் பற்றி இந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை.

அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைக்கும் இரண்டு பேரைப் பாருங்கள். இரண்டு பேருடைய கையும் நிமிஷத்துக்கு ஒரே கணக்கில்தான் ஏறி இறங்குகிறது. ஒருவர் ஒரு அண்டியை எடுத்து வைத்து, அது சரியாக உடையாமல் மறுபடி ஒரு அடி போட்டு, பருப்பை எடுத்துவிட்டு அடுத்ததைத் தேடுகிறார். இன்னொருவர் அடுத்த நாலைந்தை இடது கையில் வரிசையாக ஒதுக்கி வைத்திருக்கிறார். அடிக்கு ஒன்று என்று போகிறது. சாயங்காலம் எடை போடும்போது யாரும் எத்தனை அடி அடித்தாய் என்று கேட்பதில்லை, எத்தனை கிலோ பருப்பு என்றுதான் கேட்கிறார்கள். அடியின் எண்ணிக்கைதான் ஜிகாஹெர்ட்ஸ். அடிக்கு எத்தனை பருப்பு என்பதற்கு பிராசசர் உலகத்தில் ஐ.பி.சி. என்று பேர். ஒரு துடிப்புக்கு முடிகிற கட்டளைகளின் சராசரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஐ.பி.சி. எப்படிக் கூடுகிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. பிராசசர் வரிசைப்படி ஒவ்வொரு கட்டளையாக முடிப்பதில்லை. வரப்போகும் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, எதற்குத் தேவையான தரவு தயாராக இருக்கிறதோ அதை முதலில் செய்கிறது. இந்தப் பட்டியல் நீளமாக இருந்தால் சும்மா காத்திருக்கும் நேரம் குறையும். ஜி2020-க்குள் இருக்கும் ஐவி பிரிட்ஜ் வடிவமைப்பில் 168 இடங்கள். என்100-க்குள் இருக்கும் கிரேஸ்மான்ட் வடிவமைப்பில் 256. ஒரே துடிப்பில் உள்ளே எடுக்கும் அளவும் கூடியிருக்கிறது. ஐவி பிரிட்ஜ் நாலு நாலாகக் கட்டளைகளைப் பிரித்து எடுக்கும், கிரேஸ்மான்ட் இரண்டு குழுவாக மூன்று மூன்று எடுக்கும்.

அப்புறம் ஊகம் என்று ஒன்று உண்டு. நிரலில் எங்கு பார்த்தாலும் ‘இப்படி இருந்தால் அந்தப் பக்கம் போ, இல்லாவிட்டால் இந்தப் பக்கம் போ’ என்று கிளைகள் வரும். விடை தெரியும்வரை காத்திருந்தால் நேரம் வீண். அதனால் பிராசசர் முன்பு நடந்ததை வைத்து ஊகித்து ஒரு பக்கம் போய்விடும். ஊகம் பொய்த்தால் அதுவரை செய்ததை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப வர வேண்டும். பத்து வருஷத்தில் இந்த ஊகிக்கும் பகுதி நிறையத் தேறியிருக்கிறது. அதே துடிப்பில் வீணாகும் வேலை குறைந்திருக்கிறது.

கேஷ் என்பது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன, அதிவேக நினைவகம். வெளியே இருக்கும் முதன்மை நினைவகமான ராமுக்குப் போய்த் தரவு எடுத்துவர நூற்றுக்கணக்கான துடிப்புகள் ஆகலாம். கேஷில் இருந்தால் சில துடிப்பிலிருந்து சில பத்துத் துடிப்புக்குள் கிடைத்துவிடும். ஜி2020-இல் கோருக்கு 256 கே.பி. இரண்டாம் நிலை கேஷ், அதற்கு மேல் இரண்டு கோருக்கும் பொதுவாக 3 எம்.பி. என்100-இல் நாலு கோருக்கும் சேர்த்து 2 எம்.பி. இரண்டாம் நிலை, அதற்கு மேல் பொதுவாக 6 எம்.பி.

இவ்வளவும் சேர்ந்து ஒரே ஒரு கோரை மட்டும் ஒப்பிட்டால் என்ன கிடைக்கிறது? புதியது முன்னால்தான். ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். என்100-இல் இருப்பவை மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்கென்றே வடிவமைத்த சின்ன கோர்கள். அதே தலைமுறையில் இன்டெல் செய்த பெரிய கோர்கள் வேறு. ஒரு கடிதம் அடிப்பதிலோ டேலியில் ஒரு வவுச்சர் போடுவதிலோ பிராசசரால் மட்டும் வரும் வேறுபாட்டைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது கோர்களின் எண்ணிக்கையில். டி.டி.பி. கடையின் காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். பிரவுசரில் ஏழெட்டு டேப், வாட்ஸ்அப் வெப், ஒரு பக்கம் பி.டி.எஃப். பிரிண்டுக்குப் போகிறது, பின்னால் ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன் ஓடுகிறது, விண்டோஸ் அப்டேட்டும் அதே நேரத்தில்தான் வரும். இரண்டே கோர் என்றால் இவை எல்லாம் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். மவுஸ் அம்பு நின்று நின்று நகர்வது அந்தக் காத்திருப்பால்தான். நாலு கோர் இருந்தால் இரண்டு பின்னணி வேலையில் இருந்தாலும் இரண்டு உங்களுக்கு மிச்சம். எல்லா கோர்களையும் முழுதாக ஓட்டும் வேலையில் என்100, ஜி2020-ஐ விட இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது.

55 வாட் எப்படி 6 ஆனது?

நம் ஊருக்கு வேகத்தை விட முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. ஜூனிலும் மழை, அக்டோபர் நவம்பரிலும் மழை. லைனில் தென்னை மட்டை விழுந்தால் கரன்ட் போகும், ரப்பர் மரம் சாய்ந்தால் அன்றைய பொழுதே போய்விடும். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிராசசர் எடுக்கும் மின்சாரம் முக்கியமாக இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது, எத்தனை வோல்ட்டில் துடிக்கிறது. வேகம் இரட்டித்தால் மின்சாரம் இரட்டிக்கும். வோல்ட் இரட்டித்தால் நாலு மடங்காகும், வோல்ட்டின் வர்க்கத்தில்தான் கணக்கு. அதனால் வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்தாலே நிறைய மிச்சம். பிராசசருக்குள் இருக்கும் நுண்ணிய சுவிட்சுகளான டிரான்சிஸ்டர்கள் சிறிதாகவும் மின் கசிவு குறைவாகவும் ஆக ஆக அவற்றைக் குறைந்த வோல்ட்டில் ஓட்ட முடிகிறது. ஜி2020 செய்யப்பட்டது 22 நானோமீட்டர் முறையில். என்100 செய்யப்படுவது இன்டெல் 7 என்ற முறையில், முன்பு அதை 10 நானோமீட்டர் வரிசையில்தான் சேர்த்திருந்தார்கள். இந்தப் பெயரில் உள்ள எண்களை அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண் குறைந்தால் தலைமுறை புதியது என்ற அளவில் போதும்.

55 வாட் என்றால் எப்போதும் 55 வாட் எடுக்கும் என்று பொருள் இல்லை. முழு வேலை செய்யும்போது இவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற ஏற்பாடு வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லும் எண் அது. சும்மா இருக்கும்போது ஜி2020-உம் குறைவாகவே எடுக்கும். முழு கம்ப்யூட்டரைக் கணக்கில் எடுத்தால், மானிட்டர் இல்லாமல், பழைய டெஸ்க்டாப் சாதாரண வேலையில் சுமார் 50 வாட், என்100 பெட்டி சுமார் 10 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 40 வாட். நாளைக்குப் பத்து மணி நேரம் கடை திறந்திருந்தால் 400 வாட் மணி, அதாவது 0.4 யூனிட். மாசத்துக்கு 25 நாள் என்றால் 10 யூனிட். இந்த மிச்சத்துக்காக மட்டும் புதியது வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன், அவ்வளவு பெரிய தொகை இல்லை.

யு.பி.எஸ்.ஸில்தான் பலன். கடைகளில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட் மணி. பழைய டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 70 வாட் இழுத்தால் காகிதக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும், நிஜத்தில் அதில் பாதிகூட வராது. காரணம், ஈய அமில பேட்டரியிலிருந்து வேகமாக இழுத்தால் அது தன் முழு அளவைத் தராது. மெதுவாக இழுத்தால்தான் தரும். என்100-உம் மானிட்டரும் 30 வாட் இழுத்தால் நேரம் இரண்டு மடங்குக்கும் அதிகமாக நீளும். இருபது பக்கம் டைப் செய்துகொண்டிருக்கும்போது கரன்ட் போனால் சேவ் செய்து, பிரிண்ட் எடுக்க வந்தவருக்கு ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, நிதானமாக நிறுத்த நேரம் கிடைக்கும்.

குறைந்த வாட்டுக்கு இன்னொரு பலன், காற்றாடி இல்லாமலும் ஓடும். பழைய கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி போலப் படிந்திருக்கும், மூலையில் பல்லி முட்டை, பவர் சப்ளை ஓட்டையில் எட்டுக்கால் பூச்சி வலை. கடலோரமென்றால் திருகாணித் தலையெல்லாம் துருப் பிடித்திருக்கும். கொளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றை நாள் முழுக்க உள்ளே இழுத்துத் தள்ளும் காற்றாடிதான் அதற்கு வழி திறந்துவிடுகிறது. காற்றாடி இல்லாத பெட்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. சும்மா இருக்கிற பழைய மெஷினுக்கும் ஒரு வார்த்தை: ஹீட் சிங்கைக் கழற்றித் தூசி தட்டி, பிராசசர் மேல் காய்ந்து கட்டியான தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டால், சூட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த மெஷின் பழைய நிலைக்கு வந்துவிடும். ஐம்பதோ நூறோ ரூபாய்க்கு முடிகிற வேலை.

6 வாட் என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். என்100 சிறிது நேரம் அதற்கு மேலும் இழுத்து வேகமாக ஓடும். எவ்வளவு, எத்தனை நேரம் என்பதைப் பெட்டி தயாரிப்பவர் பயாஸில், அதாவது மெஷினின் அடிப்படை அமைப்புகளில், முடிவு செய்கிறார். ஒரே என்100, ஒரு பெட்டியில் 6 வாட்டுக்குள் அடக்கமாகவும் இன்னொன்றில் 15 வாட் வரை தாராளமாகவும் ஓடலாம். மொபைல் பிராசசர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். முதல் அரை நிமிஷம் பறக்கும், சூடு ஏறியதும் தணியும். பழைய பென்டியத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் கிடையாது. வேகத்தைத் தற்காலிகமாகக் கூட்டும் டர்போ இல்லாததால், சூடு மிஞ்சாதவரை முழு வேலையில் காலையிலும் 2.9, மத்தியானமும் 2.9.

வீடியோவுக்கென்று தனிப் பகுதி

பழைய மெஷினில் யூடியூப் மட்டும் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறது என்று பலர் கேட்கிறார்கள். வீடியோ சுருக்கப்பட்ட வடிவில்தான் வருகிறது, அதை விரிப்பதற்கு பிராசசருக்குள் தனியாக ஒரு சர்க்யூட் இருக்கும். ஜி2020-இல் உள்ள சர்க்யூட்டுக்கு எச்.264 என்ற சுருக்கல் முறை தெரியும். யூடியூப் இப்போது பெரும்பாலும் அனுப்புவது வி.பி.9 அல்லது ஏ.வி.1. இரண்டும் அதற்குத் தெரியாது. தெரியாததைப் பொதுவான கோர்களே உட்கார்ந்து கணக்குப் போட்டு விரிக்க வேண்டியிருக்கிறது. இருப்பதே இரண்டு கோர். பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புப் பார்க்கும்போது மெஷின் சூடாகிக் காற்றாடி இரைவது இதனால்தான். என்100-க்கு இரண்டு முறையுமே சர்க்யூட்டிலேயே தெரியும், கோர்கள் கிட்டத்தட்ட சும்மா இருக்கும்.

பழையதையே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. யூடியூபிடம் எச்.264 மட்டும் கேட்கும்படி செய்யும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1080பி வரை அந்த முறையிலும் வீடியோ வருகிறது. போட்டுப் பாருங்கள், நிம்மதியாக இருக்கும்.

இதேபோல இன்னும் சில தனித் திறமைகள் உண்டு. மறையாக்கத்தை வேகமாகச் செய்யும் ஏ.இ.எஸ். கட்டளைகள், ஒரே துடிப்பில் பல எண்களைக் கணக்கிடும் ஏ.வி.எக்ஸ். கட்டளைகள். அதே தலைமுறையில் விலை கூடிய கோர் ஐ5-இல் இவை இருந்தன, பென்டியத்தில் இன்டெல் இவற்றைக் கொடுக்கவில்லை. விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சில புதிய மென்பொருள்கள் ஏ.வி.எக்ஸ். இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும். என்100-இல் ஏ.இ.எஸ்., ஏ.வி.எக்ஸ்.2 இரண்டும் உண்டு.

குற்றம் பிராசசர் மேல்தானா?

கடையில் புதிய பெட்டியை ஆன் செய்து காட்டுவார்கள், சில நொடியில் விண்டோஸ் வந்து நிற்கும். வீட்டில் பழையது மூன்று நாலு நிமிஷம் எடுக்கும். பார்ப்பவர் பிராசசரைப் பாராட்டிவிட்டுப் போவார். அங்கே வேலை செய்தது பெரும்பாலும் எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் பாகமே இல்லாத டிஸ்க். பழையதில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டிலும் ஒரே வகை டிஸ்க் இருக்க வேண்டும்.

புதிது வாங்கும் முன் ஒரு சோதனையை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மெஷின் திணறும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்தி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சதவீதம். டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து நிற்க, சி.பி.யு. 20, 30-இல் இருந்தால் பிராசசர் நிரபராதி. எஸ்.எஸ்.டி. போட்டால் தீரும். மெமரி 90-க்கு மேல் இருந்தால் ராம் போதவில்லை. சி.பி.யு. 100-ஐ விட்டு இறங்காமல் நின்றால்தான் பிராசசரின் எல்லைக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். தக்கலை அக்காவின் மெஷினில் சிவந்து நின்றது டிஸ்க்தான்.

ஜி2020 இருக்கும் விலை குறைந்த மதர்போர்டுகளில் பெரும்பாலானவை எச்61 வகை. அவற்றில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வழியின் வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான், புதிய எஸ்.எஸ்.டி.யின் முழு வேகம் கிடைக்காது. இருந்தாலும் சுழலும் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் வேறு மெஷின் மாதிரி இருக்கும். காரணம், சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பதில்தான் ஹார்டு டிஸ்க் நேரத்தை இழக்கிறது, அந்தத் தேடல் எஸ்.எஸ்.டி.யில் கிடையாது.

ராமிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பழைய பென்டியம் இரண்டு பாதையில் ராமோடு பேசும். டி.டி.ஆர்.3 1333 ராம் இரண்டு போட்டால் நொடிக்குச் சுமார் 21 ஜி.பி. தரவு போகும். கடைக்காரர்கள் ஒற்றை ராம் மட்டும் போட்டுக் கொடுத்ததால் பாதிப் பேருக்குப் பாதி வேகம்தான் கிடைத்துக்கொண்டிருக்கிறது. என்100-க்குப் பாதையே ஒன்றுதான். டி.டி.ஆர்.4 3200 என்றால் 25.6 ஜி.பி., டி.டி.ஆர்.5 4800 என்றால் 38.4 ஜி.பி. ஆகவே என்100 வாங்கும்போது 8 ஜி.பி. ராமை ஒரே ஸ்டிக்காகப் பார்த்து வாங்குங்கள், பல பெட்டிகளில் ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கும். சிலவற்றில் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது.

பழையதன் பெருமை இங்கேதான். ஜி2020 ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது, கழற்றலாம். எல்.ஜி.ஏ. 1155 என்ற அதே சாக்கெட்டில் அதே தலைமுறை கோர் ஐ5-3470 உட்காரும். நாலு கோர், 3.2 முதல் 3.6 ஜிகாஹெர்ட்ஸ், 6 எம்.பி. கேஷ், ஏ.இ.எஸ்., ஏ.வி.எக்ஸ். இரண்டும் உண்டு. பழைய பொருள் விற்கும் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. 77 வாட் என்பதால் பவர் சப்ளையும் காற்றாடியும் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என்100-ஐ போர்டிலிருந்து எடுக்கவே முடியாது. கெட்டால் போர்டோடு மாற்ற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாவது தலைமுறை முதல் வந்தவற்றையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியையும் கேட்கிறது. ஜி2020 மூன்றாம் தலைமுறைக் காலத்தது, முறைப்படி விண்டோஸ் 11 கிடைக்காது. என்100-க்குக் கிடைக்கும்.

வேகத்தில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். டி.டி.பி. கடைக்கும் இணைய சேவைக் கடைக்கும் வருகிறவர்கள் ஆதாரையும் பேங்க் பாஸ்புக்கையும் நம்பி நீட்டுகிறார்கள். அதை ஸ்கேன் செய்து வைக்கும் மெஷினுக்குப் பாதுகாப்பு அப்டேட் வராமல் இருப்பது சரியில்லை. வீட்டில் தனியாகப் பாட்டுக் கேட்கும் மெஷினுக்கு ஒரு நியாயம், நாலு பேருடைய ஆவணம் வந்துபோகும் மெஷினுக்கு ஒரு நியாயம்.

அதனால் அக்காவுக்கு நான் சொன்னது: டைப்பிங், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்ற அளவுக்கு வேகம் மட்டும்தான் பிரச்சினை என்றால் எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு ராமும் போதும். ஆனால் கடைக்கு வருகிறவர்களின் ஆவணங்களும் அதில் இருப்பதால் புதியதற்கு மாறுங்கள். மாறும்போது அரை ஜிகாஹெர்ட்ஸுக்குப் பணம் கொடுப்பதாக நினைக்க வேண்டாம். இரண்டு கூடுதல் கோர், வீடியோ சர்க்யூட், யு.பி.எஸ்.ஸில் கூடுதல் நேரம், விண்டோஸ் 11 ஆகியவற்றுக்குக் கொடுக்கிறீர்கள். நாகர்கோவிலில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோவுக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு என்100-உம் போதாது.

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாக வந்தது என்பதால் உள்ளே இருப்பதும் புதிது என்று ஆகிவிடாது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள். முன்னதில் இருப்பது ஜென் 2 வடிவமைப்பு, பின்னதில் ஜென் 3. அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே எந்த ஜென் என்று சொல்கிறது. இன்டெல்லில் கோர் ஐ3-1215யு என்று பார்த்தால், இரண்டு பெரிய கோரும் நாலு சின்ன கோரும் இருக்கும். அந்த நாலு சின்ன கோர்களும் என்100-இல் இருக்கும் அதே வகை. அதற்கு மேல் இரண்டு பெரிய கோர் கிடைப்பதால் ஐ3-1215யு, என்100-ஐ விட நன்றாகவே முன்னால் நிற்கும். பேரின் கடைசியில் யு என்றிருந்தால் மின்சாரம் குறைவாக எடுப்பது, எச் என்றிருந்தால் வேகத்துக்காக அதிகம் எடுப்பது.

இணையத்தில் மதிப்பெண் பார்த்து ஒப்பிடும்போது ஒரே சோதனையின் ஒரே பதிப்பில் எடுத்த மதிப்பெண்களையே ஒப்பிடுங்கள். கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனையின் 5-ஆம் பதிப்பில் கோர் ஐ3-8100-க்கு 1000 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அளந்தார்கள். கீக்பெஞ்ச் 6-இல் கோர் ஐ7-12700-க்கு 2500. இரண்டின் எண்களையும் கலந்தால் கணக்கே தப்பு. ஒற்றை கோர் மதிப்பெண் சாதாரண வேலையில் சுறுசுறுப்பைக் காட்டும், எல்லா கோர்களுக்குமான மதிப்பெண் ஒரே நேரத்தில் பல வேலை ஓடும்போது உதவும். மொபைல் பிராசசருக்கு, பத்து நிமிஷம் தொடர்ந்து ஓட்டும் சினிபெஞ்ச் ஆர்23 போன்ற சோதனையின் மதிப்பெண்ணையும் சேர்த்துப் பாருங்கள். சூடேறிய பிறகு எவ்வளவு தாங்குகிறது என்று அதில்தான் தெரியும்.

மாற்றிய பிறகு பழைய மெஷினைக் குப்பையில் போடாதீர்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டால் தொடர்ந்து பாதுகாப்பு அப்டேட் வரும், தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைக்கு டைப்பிங்கும் பைத்தான் நிரல்மொழியும் பழக அந்த இரண்டு கோர் தாராளம். கொடுக்கும் முன் கடையின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி உங்களிடம் வைத்துக்கொண்டு வேறு டிஸ்க் போடுங்கள். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 என்ற நாணய அளவு பேட்டரியையும் மாற்றுங்கள். அது தீர்ந்துபோயிருந்தால் பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும், தேதி தப்பாக இருந்தால் பாதி இணையதளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று திறக்காது.